தேர்டைத் தொட்டுட்டு ஃபர்ஸ்ட்

"காலையில எடுக்கறப்ப மட்டும் தேர்டைத் தொட்டுட்டு ஃபர்ஸ்ட் போடுங்க தம்பி. பூவாட்ட விழுகும்."

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த கோபிக்காரர் ஒருவர் தன் காரை எனக்கு விற்றுவிட்டு, சாவியைக் கையில் கொடுத்தபோது சொன்ன வார்த்தை இது. பத்து மாதம் ஆகிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அவர் என்னை ஏமாற்றினாரா, இல்லை ஏமாற்றவே இல்லையா? என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் அது பல மாதம் அடங்கவில்லை. கியர் பாக்ஸைக் கழற்றி, உள்ளே இருந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. அதையும் முழுசாகத் தெளிந்தது என்று சொல்ல மாட்டேன்.

வாங்கிய நாள் சித்திரை வெயில். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் அவருக்குத் தோட்டம். மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நான் அவிநாசியிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானம் மூணு மணி ஆகிவிட்டது. வண்டி புளியமரத்து நிழலில் நின்றது. அவர் அப்போதுதான் டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். பானட்டில் கை வைத்தால் சுட்டது. அந்த வெயிலில் எந்த வண்டியின் பானட்டும் சுடத்தானே செய்யும் என்று அதை நான் பொருட்படுத்தவில்லை. ஈரோட்டு நம்பர், பெட்ரோல் வண்டி, பத்து வருசம் ஓடியது, எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். நான் நாலாவது ஓனர். இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு முடித்தோம். வாய்க்கால் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எல்லா கியரும் ஒழுங்காக விழுந்தன. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கினேன். அந்தப் படிவங்களில் விற்றவர் பேர், வாங்கியவர் பேர், வண்டி எண் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. வண்டியின் குணத்தை எழுதத்தான் இடமில்லை.

குணத்தை அவர் வாயால் சொன்னார். இடது பக்கம் பின் கண்ணாடியை முழுசாக இறக்காதீங்க, ஏற மறுக்கும். வைப்பர் ரெண்டாவது ஸ்பீடில் கொஞ்சம் சத்தம் போடும். அப்புறம் அந்த மூன்றாவது வாக்கியம். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. காரணம், எங்கள் அம்முச்சி, அம்மாவின் அம்மா. தாராபுரத்துப் பக்கம் தோட்டத்தில் மாட்டை விற்கும்போது கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கும் கடைசி நிமிடம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். "இவகிட்ட வலப்பக்கமா போகாதீங்க. கறக்கறதுக்கு முன்னால கழுத்தைத் தடவிக் குடுங்க. மழை பேஞ்சா தண்ணி குடிக்க மாட்டா, வெசனப்படாதீங்க." வாங்குகிறவர் பல்லும் சுழியும் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். ஆனால் மாட்டின் குணம் பல்லில் தெரியாது. அதை வளர்த்தவர் சொன்னால்தான் உண்டு. அந்த ஞாபகத்தில்தான் கோபிக்காரர் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். பிரியமாக வைத்திருந்த பொருளைக் கொடுப்பவர், பிரியமாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பை என்னால் முழுசாகக் கைவிட முடியவில்லை.

பழகிப்போனது

வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஆடிக் காற்று தொடங்கிய பிறகு காலை நேரத்தில் ஃபர்ஸ்ட் கியர் வாசல் வரை போய் நின்றுகொள்ளும். அழுத்தினால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். உடனே கோபிக்காரர் சொன்னது ஞாபகம் வரும். லீவரைத் தேர்டுக்குத் தள்ளி, அங்கிருந்து ஃபர்ஸ்டுக்கு இழுத்தால் சொன்னபடியே விழும். ரிவர்ஸுக்கும் அதே வழிதான். பத்து நாளில் கை பழகிவிட்டது. பழகியபின் அது ஒரு கோளாறாகவே தெரியவில்லை. வீட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தாழ் போடுகிற மாதிரி, நம் வீட்டு விசயம் ஒன்று.

என் மனைவி இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். சேவூர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் போவேன். கிளட்சை முழுசா மிதி, தேர்டைத் தொடு, ஃபர்ஸ்ட் போடு என்று நான் சொல்லிக் கொடுத்தேன். புரட்டாசியில் அவள் தம்பியின் புது வண்டியை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தவள், தேர்டைத் தொட்டுவிட்டுத்தான் ஃபர்ஸ்ட் போட்டிருக்கிறாள். "எதுக்கு அக்கா அங்க போயிட்டு வர்றே?" என்று அவன் கேட்டிருக்கிறான். "அப்படித்தானடா போடோணும்" என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, எல்லா வண்டியும் இப்படி இல்லீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. வண்டியின் ஒரு நோயை வண்டி ஓட்டும் முறை என்று ஒரு ஆளுக்கே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப் அலைச்சல். முதலில் பார்த்தவர் கிளட்ச் கேபிளை இறுக்கினார். இரண்டு வாரம் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. இரண்டாமவர் கியர் கேபிளின் புஷ் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். லீவரின் ஆட்டம் குறைந்தது, சத்தம் குறையவில்லை. மூன்றாமவர் கியர் ஆயிலைக் கீழே விட்டு விரலில் தொட்டுப் பார்த்து, "என்னங்க இவ்ளோ கெட்டியா இருக்குது, இந்த வண்டிக்கு இது இல்லீங்களே" என்றார். உள்ளே வரும் சத்தத்தை அமுக்க யாரோ கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. சரியான ஆயிலை ஊற்றியதும் காலை நேரத் தகராறு பாதி குறைந்தது. ஆனால் அதற்குள் தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது கியர் கடிக்கத் தொடங்கியிருந்தது. சூடானால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை மட்டும் மிச்சம் இருந்தது.

திம்பம்

அந்த நம்பிக்கை கார்த்திகையில் போயிற்று. தாளவாடியில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், வீட்டு விசேசம். விடியும் முன்னால் கிளம்பி, புளியம்பட்டி, சத்தி தாண்டி, பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறத் தொடங்கினோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே செகண்ட் கியர்தான் ஆதாரம். வளைவுக்குள் நுழையும்போது தேர்டில் இருந்தால் வண்டி மூச்சுத் திணறும், செகண்டுக்கு இறக்கியே தீர வேண்டும். முதல் சில வளைவுகளை எப்படியோ கடந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு 'கர்ர்'. பின் சீட்டில் இருந்த மகன் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தான்.

எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை. மேலிருந்து ஒரு லாரி முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. நான் வேகத்தைக் குறைத்து செகண்டுக்கு இழுத்தேன். விழவில்லை. மறுபடி இழுத்தேன். லீவர் கையில் அதிர்ந்தது, உள்ளே போகவில்லை. அதற்குள் வண்டியின் வேகம் செத்துவிட்டது. பிரேக்கை மிதித்து ஏற்றத்தில் நிறுத்திவிட்டு ஃபர்ஸ்ட் போட்டேன். அதுவும் விழவில்லை. பதற்றத்தில் கால் தளர, வண்டி ஒரு அடி பின்னால் போனது. கண்ணாடியில் பார்த்தால் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட பார வண்டி மறுபடி கிளம்ப என்ன பாடுபடும் என்று லாரிக்காரர் வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். கை நடுங்கியது. பக்கத்திலிருந்து மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்: "தேர்டைத் தொடுங்க." தொட்டேன். ஃபர்ஸ்ட் விழுந்தது. ஏறிவிட்டோம்.

அன்றைக்குக் கோபிக்காரர் சொல்லிக் கொடுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அவர் விற்ற வண்டிதான் எங்களை அங்கே நிறுத்தியது. இரண்டும் உண்மை. விசேச வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி இறங்கும்போது மலை முழுவதும் செகண்டிலேயே, கியரை மாற்றாமல், நடக்கிற வேகத்தில் வந்தேன்.

திருப்பூரில் என்னோடு கம்பெனியில் வேலை செய்பவரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "அந்த ஆளு உங்களை நல்லா ஏமாத்திட்டாருங்க. நீங்களும் தள்ளிவிட்டுருங்க. வாங்க வர்றவங்களை மத்தியானமா வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னால ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருங்க. ஒண்ணும் தெரியாது." நல்ல மனிதர் அவர். என் நட்டத்தை நினைத்துத்தான் சொன்னார். நானும் அன்றிரவு வண்டியைக் கழுவி நாலு பக்கமும் படம் எடுத்தேன். விற்பது என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் வாங்க வருகிறவரிடம் என்ன சொல்லிச் சாவியைக் கொடுப்பது என்று யோசித்தபோது, என் வாயில் வந்து நின்றது அதே வாக்கியம். 'காலையில எடுக்கறப்ப மட்டும் தேர்டைத் தொட்டுட்டு...' ஒரு எழுத்து மாறவில்லை. கோபிக்காரர் சொன்னபோது அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னால் அதில் என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படங்களை அழித்துவிட்டேன்.

நாமக்கல் மாமா

பொங்கலுக்கு நாமக்கல்லிலிருந்து மாமா வந்திருந்தார். முப்பது வருசத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். நான் சிறுவனாக அவர் வீட்டில்தான் தங்கிப் படித்தேன். சாவியை வாங்கிக்கொண்டு பைபாஸ் வரை போனார், நான் பக்கத்தில். முதலில் சாதாரணமாக செகண்டுக்கு இறக்கினார். கடித்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த முறை கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்தார், கிளட்சை விட்டார், ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி, மறுபடி கிளட்ச், செகண்ட். ஒரு சத்தமும் இல்லை. மூன்று தரம் அப்படியே செய்தார், மூன்று தரமும் விழுந்தது. பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் டபுள் கிளட்ச் இதுதான்.

"நான் போட்டா விழுகுது, நீ போட்டாக் கடிக்குது. அப்ப கேபிள்லயும் கோளாறு இல்ல, கிளட்ச்லயும் இல்ல மாப்ள. உள்ள பித்தளை போயிருச்சு" என்றார். மூன்று ஒர்க்‌ஷாப்பில் கிடைக்காத பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

அவர் சொன்னதன் பொருளை அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கியர் பாக்ஸுக்குள் முன் கியர்களின் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்துச் சுழன்றுகொண்டேதான் இருக்கின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்கிற ஓர் உறை. அது போய் ஒரு சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டும் முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலு அடி ஓடி ஏறுகிற மாதிரி. அந்த நாலு அடி ஓட்டத்தை நமக்காகச் செய்வது ஒரு பித்தளை வளையம். சிங்க்ரோ ரிங் என்பார்கள். சக்கரத்தின் கூம்பில் உரசி, வேகத்தைச் சமமாக்கி, பிறகு வழிவிடும். அது தேய்ந்துபோனால் வேகம் சமமாகாமலே ஸ்லீவ் போய் முட்டும், 'கர்ர்' என்று கேட்கும். மாமா அந்த வளையத்தின் வேலையைத் தன் காலால் செய்துவிட்டார். தேர்டைத் தொடும் வித்தையும் அதேதான். தேர்டின் வளையம் நன்றாக இருந்தது, அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கொடுத்தது, ஃபர்ஸ்ட் விழுந்தது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த வளையத்தால் அந்த எண்ணெய்ப் படலத்தை வழித்து உரச முடியாது, அதனால்தான் தகராறு காலையில் அதிகம்.

வேகத்தைச் சமமாக்கும் இந்த ஏற்பாடு காருக்குள் வந்ததே 1928இல், அமெரிக்காவில் காடிலாக் வண்டிகளில். அதற்கு எட்டு வருசம் முன்னால், 1920இல், நம் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கி, தானே அதை ஓட்டினார். அந்த பஸ்ஸில் பித்தளை வளையம் ஏது? ஒவ்வொரு கியருக்கும் காலும் காதும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். எங்கள் மாமாவின் காலில் இருப்பது அந்தக் கைப்பழக்கத்தின் கடைசித் தலைமுறை என்று நினைத்தபோது, அவர் மேல் இருந்த மரியாதை இன்னும் ஒரு படி கூடியது.

விரித்த பேப்பரின் மேல்

தை முடிவதற்குள் கியர் பாக்ஸை இறக்கினோம். அவிநாசியில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக். கழற்றிய பாகங்களைப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். தேர்டின் வளையத்தை எடுத்து அதன் கூம்பில் அழுத்திக் காட்டினார். வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற ஒரு சந்து இருந்தது. பிறகு செகண்டின் வளையத்தை அழுத்தினார். சந்தே இல்லை, போய் ஒட்டிக்கொண்டது. உள்பக்கத்தில் மரை மாதிரி மெல்லிய வரிகள் இருக்க வேண்டும், எண்ணெயை வழிப்பது அந்த வரிகள்தான். செகண்டில் அவை போன இடம் தெரியவில்லை, விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஃபர்ஸ்டில் அங்கங்கே கொஞ்சம் மிச்சம்.

அப்புறம் அவர் கூட்டின் விளிம்பைக் காட்டினார். பழைய சாம்பல் நிறப் பசையைச் சுரண்டிவிட்டு அதன் மேல் கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒரு போல்ட் மட்டும் வேறு தலை. "இதை முன்னாலயே ஒருக்கா பிரிச்சிருக்காங்க. பாத்திருக்காங்க. மாத்தாம மூடிட்டாங்க" என்றார். பார்த்தும் மூடியவர் யார்? முதல் ஓனரா, இரண்டாமவரா, கோபிக்காரரா? என் பத்து மாதக் கேள்வி அந்தக் கறுப்புப் பசையில் வந்து நின்றது.

இரண்டு வளையம், ஸ்லீவ், ஆயில், இறக்கியது இறக்கியாயிற்று என்று கிளட்ச் செட்டும் சேர்த்து, பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய். பழைய வண்டி பார்க்கப் போகும் யாருக்கும் நான் இப்போது சொல்வது இதுதான்: விடியற்காலையில் போங்கள், நாங்கள் வந்து ஸ்டார்ட் பண்ணிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போடுங்கள், பிறகு ஓடவிட்டுப் போடுங்கள். அணைத்தபோது எல்லாம் லேசாக விழுந்து, ஓடும்போது எல்லாமே முரண்டினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். ஏதோ ஒரு கியர் மட்டும் கடித்தால் பித்தளை. முக்கியமாக, தேர்டில் ஓட்டிக்கொண்டே செகண்டுக்கு இறக்கிப் பாருங்கள். இதையெல்லாம் நான் சித்திரையில் செய்யவில்லை.

வண்டி வந்த மறுநாள் கோபிக்காரருக்குப் போன் செய்தேன். சண்டை போட அல்ல, ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பித்தளை வளையம், கறுப்புப் பசை எல்லாம் சொன்னேன். நான் முடிக்கும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "நான் பிரிக்கலீங்க தம்பி. நான் வாங்கறப்ப ஈரோட்டுக்காரரு அப்படித்தானுங்க சொல்லிக் குடுத்தாரு, தேர்டைத் தொட்டுட்டுப் போடுங்கன்னு. நாலு வருசம் அப்படியேதான் ஓட்டுனேன். அந்த வண்டிக்கு அது பழக்கமுன்னு இருந்துட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப நேராவே விழுகுதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆவலைக் காசுக்காகப் பொய் சொல்கிறவர் குரலில் கேட்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் ஒரு சோலியாக வந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய மஞ்சள் கொண்டு வந்திருந்தார். காப்பி குடித்ததும், "ஒருக்கா போட்டுப் பாக்கட்டுங்களா?" என்றார். காலை ஏழரை மணி, வண்டி அன்றைக்கு இன்னும் எடுக்கவில்லை. உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, நேராக ஃபர்ஸ்ட் போட்டார். விழுந்தது. வண்டியை நகர்த்தவில்லை. நியூட்ரலுக்கு எடுத்து மறுபடி போட்டார். ரிவர்ஸ் போட்டார். மறுபடி ஃபர்ஸ்ட். ஐந்தாறு தரம் இப்படி. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அந்த ஈரோட்டுக்காரருக்கு நீங்க சொல்லலீங்களா?" என்றார். அவர் நம்பர் என்னிடம் இல்லை என்றேன்.

"என்கிட்ட இருக்குதுங்க" என்று தேடத் தொடங்கினார்.